ஒன்பது நாள் நான் கேட்ட சாவு

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒன்பது நாள், ஒரு மனிதன் சாகவேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தவன் நான்.

அவன் எனக்குப் பகைவன் அல்ல. பாலையூற்றில் நம்முடைய சிறிய ஜெபக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து பாடுகிறவன். பெயர் அருளப்பு. என்னைவிட ஆறு வயது இளையவன். என்னை அண்ணை என்று கூப்பிடுகிறவன். ஆசுபத்திரிக் கட்டிலில் அவன் நினைவில்லாமல் கிடந்தான். அவனுடைய மனைவி றெஜினா எனக்குப் பக்கத்தில் நின்று விம்மினாள். நான் கண்ணை மூடிக் கேட்டேன்: ஆண்டவரே, இவன் கண் திறக்கமுன் இவனை எடுத்துக்கொள்ளும்.

என்னோடு சேர்ந்து ஒருவனைக் கொல்லும்படி கடவுளை அழைத்தேன். இதற்கு வேறு பெயர் இல்லை.

விசுவாசக் குடும்பத்தாரே, நான் உங்கள் முன் சாட்சி சொல்வது இது முதல் முறை அல்ல. முதல் முறை சொன்னது பொய் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். புதிதாக வந்தவர்கள் அறியமாட்டீர்கள். பத்து வருஷம் கழித்து, நாற்பத்தேழு வயதில், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். அழகுபடுத்தாமல் எழுத முயல்கிறேன். அது எனக்குக் கஷ்டம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அப்போது எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் கூட்டத்தில் நான் சிக்னல்காரன். அந்த வேலையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலின் வயிறு ஆழமானது. மேல்தட்டில் அதன் வாய் சதுரமாகத் திறந்திருக்கும். மூட்டைகளைக் கயிற்றுவலையில் கட்டித் தூக்கி, அந்த வாய் வழியாக உள்ளே இறக்குவது வின்ச் இயந்திரம். வின்ச் ஓட்டுகிறவர் தூரத்தில் இருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் வாயின் விளிம்பில் சிக்னல்காரன் நிற்பான். உள்ளங்கையைக் கீழே காட்டித் தட்டினால் இறக்கு. மேலே காட்டினால் தூக்கு. விரல்களை மூடி முட்டியாகப் பிடித்தால் நில். வின்ச்சின் இரைச்சலில் வாய்ச் சொல் ஒன்றும் எடுபடாது.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. வின்ச்காரர் சிக்னல்காரனின் முகத்தைப் பார்க்கக்கூடாது. முகம் சிரிக்கும், கொட்டாவி விடும், யாரையாவது ஏசும். கையை மட்டுமே பார்க்கவேண்டும். எங்கள் வின்ச்காரர் மூதூர் ஹனிபா, நாங்கள் நானா என்று கூப்பிடும் மூத்தவர், அந்த முறையைத் தொழுகை போலக் காப்பாற்றுகிறவர்.

"யோசேப்பு, நான் உங்கட கையைத்தான் கலியாணம் முடிச்சிருக்கன்," என்பார். "உங்கட மூஞ்சியை ஆரும் கொண்டு போகட்டும். எனக்கு வேணாம்."

அவருடைய கண் என் கையில் இருந்தது. என் கண் எங்கே இருந்தது என்பதுதான் கதை.

என் கண் ஓரிடத்தில் நிற்காத கண். சிறுவயது முதல் அப்படித்தான். மேகம் ஒன்று மலைக்குப் பின்னால் போனால் அதன் பின்னாலே போகும். தண்ணீரில் வெயில் உடைகிற இடத்தைத் தேடும். அதற்கு ஒரு சொல் கிடைக்கும்வரை திரும்பாது. பதினாலு வருஷம் ஒரே வேலை செய்ததில் எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்திருந்தது. வலை வாயைத் தாண்டியதும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன். முப்பத்தொன்றில் மூட்டை அடித்தட்டைத் தொடும். எண்ணிக்கை கையை ஓட்டும். கண் கடலில் அலையும். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அருளப்புவுக்குத் தெரியும். அவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் வேலை. இறங்கிய வலையை அவிழ்த்து மூட்டைகளை அடுக்குகிறவர்களில் ஒருவன். ஒருநாள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது சொன்னான்.

"அண்ணை, கீழே நிண்டு பாத்தால் உங்கட நாடிதான் தெரியுது. கண்ணைக் காணேல்லை."

"நாடியைப் பாத்து என்ன செய்யப்போறாய்? சவரம் பண்ணப்போறியோ?"

"பகிடி இல்லை அண்ணை. நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அடுத்த நாளும் நான் கடலைத்தான் பார்த்தேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தென்மேற்குக் கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. மழைக்கு இடமே இல்லாத மாதம். ஆனால் கொட்டியாரக்குடாவுக்கு மேலே ஒரு மழை நின்றது. ஒற்றை மழை. வானத்திலிருந்து கடலுக்குத் தொங்கிய சாம்பல்நிறத் துணி போல. மற்ற இடமெல்லாம் வெயில். அது நடந்தது, தண்ணீரின்மேல் கரையை நோக்கி நடந்தது. என் கை அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. பதினைந்து, பதினாறு. கீழே ஒரு குரல் கேட்டது. சிரிப்பு என்று நினைத்தேன். இருபத்தைந்து. மழையின் அடி வெள்ளையாக நுரைத்தது. அதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

கயிறு தொய்ந்தது. முப்பத்தொன்றுக்கு முன்பே தொய்ந்தது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். முந்திய வலையிலிருந்து நழுவி நடுவில் கிடந்த ஒரு மூட்டையை இழுக்க அருளப்பு வந்திருக்கிறான். மூட்டைகளின் கீழே அவனுடைய கால் ஒன்று வெளியே தெரிந்தது. கால்விரல்கள் அசைந்தன. பிறகு அசையவில்லை.

அப்போதுதான் என் கை முட்டியாக மூடியது. நான் வின்ச்சைப் பார்த்துக் கத்தினேன்:

"நான் நிப்பாட்டச் சொன்னனான். ஹனிபா நானாதான் நிப்பாட்டேல்லை."

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது எனக்குள் எத்தனையோ காலமாகத் தயாராக இருந்ததுபோல் வந்தது.

மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். வயிற்றுக்குள் நின்ற மற்ற இருவரும் தட்டின் கீழே ஒதுங்கி நின்றதால் மேலே ஒன்றும் காணவில்லை. நானும் ஹனிபா நானாவும்தான் சாட்சிகள். அவரிடம் கேட்டார்கள், சிக்னல்காரனின் கை மூடியதை எப்போது கண்டாய் என்று.

"கடைசியிலதான் கண்டன் ஐயா. கயிறு தொய்ஞ்ச பிறகு."

"அதுக்கு முந்தி மூடேல்லை எண்டு சத்தியம் பண்ணுவியா?"

அவர் தன் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் வெயில் அடித்தது, உண்மைதான். ஒரு இமைப்பொழுது கண் கூசியிருக்கலாம். நேர்மையானவர்களுக்கு அந்த ஒரு இமைப்பொழுது போதும், தங்களைத் தாங்களே சந்தேகிக்க.

"சத்தியம் பண்ண ஏலாது ஐயா. ஒரு மனிசன்ட உசிருக் கதை. என்ட கண்ணுக்குப் பிழைச்சிருக்கவும் கூடும்."

பிறகு என்னைக் கேட்டார்கள். நான் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்தேன். இருபதாவது எண்ணிக்கையிலேயே முட்டி காட்டினேன் என்றேன். என் குரல் தடுமாறவில்லை. ஹனிபா நானாவின் வேலை அன்றைக்கே போயிற்று.

இனி மீதி இருந்தது ஒரே ஒரு வாய். அது ஆசுபத்திரிக் கட்டிலில் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கட்டிலருகே போய் நின்றேன். அவன் விழித்தால் முதல் ஆளாக நான் நிற்கவேண்டும். விழிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்பது நாள் நான் முழங்காலில் நின்றேன். பயத்தில் சாப்பிடவில்லை. உபவாசம் என்றார்கள். நம்முடைய சபையார் வந்து என் தோளைத் தொட்டு அழுதார்கள். றெஜினா சொன்னாள்:

"அண்ணை, நீங்கள் போகாதேங்கோ. நீங்கள் ஜெபிக்கேக்கைதான் அவருக்கு மூச்சுச் சீராய் வருது."

நான் மறுபடி கண்ணை மூடினேன். எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும்.

பத்தாம் நாள் காலை அருளப்பு கண் திறந்தான். முகட்டைப் பார்த்தான். றெஜினாவைப் பார்த்தான். பிறகு என்னை. நான் அவன் வாயைப் பார்த்தேன்.

"அண்ணை," என்றான். "என்ன இப்பிடி மெலிஞ்சு போனியள்? சாப்பிடுறேல்லையோ?"

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அன்று காலை கடையில் குடித்த பிளேன்டீ வரைக்கும் நினைவு. அதற்குப் பிறகு இருட்டு. அந்த நினைவு திரும்பாது என்றார் டொக்டர். கால்களும் திரும்பாது என்றார். இடுப்புக்குக் கீழே அவன் செத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். நான் எழுந்தேன். ஒன்பது நாள் உபவாசத்தையும் ஒன்பது நாள் கண்ணீரையும் சொன்னேன். மரணத்தின் வாசலிலிருந்து கர்த்தர் என் சகோதரனைத் திருப்பிக் கொடுத்தார் என்றேன். எனக்குச் சொற்கள் வரும். கேட்டால் வரும், கேட்காமலும் வரும். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். றெஜினா எல்லாருக்கும் முன்னால் ஆமென் என்றாள்.

அதுதான் என் முதல் சாட்சி.

ஹனிபா நானா கட்டைபறிச்சானில் மைத்துனரின் வயலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சனிக்கிழமைதோறும் மூதூர் லோஞ்ச்சில் ஏறி, குடாவைக் கடந்து, ஒரு மண்முட்டி எருமைத் தயிரோடும் ஒரு பை அரிசியோடும் அவர் அருளப்பு வீட்டுப் படலையடியில் வந்து நிற்பார். முதல் ஐந்தாறு கிழமை றெஜினா படலையைத் திறக்கவில்லை. அவர் முட்டியை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் அருளப்பு உள்ளேயிருந்து சத்தம் போட்டான்:

"நானா, ரெண்டு காலுக்கும் ஒரு முட்டித் தயிர்தானோ? ஒரு எருமையாவது கொண்டு வாங்கோவன்."

"வாயைப் பொத்துங்கோ," என்றாள் றெஜினா. ஆனால் படலையைத் திறந்தாள்.

அவர் உள்ளே வந்தும் கதிரையில் இருக்கமாட்டார். முற்றத்தில் ஒரு பலகையைப் போட்டு இருப்பார். அருளப்புவின் கட்டிலை வாசலோடு போட்டிருந்தார்கள். நானும் சனிக்கிழமைகளில் போவேன், ஜெபம் பண்ண. ஆம், ஜெபம் பண்ணத்தான். அந்த வீட்டுக்கு நான் பரிசுத்தவான். அருளப்பு ஒவ்வொரு முறையும் கேட்பான், அன்றைக்கு என்ன நடந்தது என்று. காணாமற்போன அந்த நாளைத் தடவித் தடவித் தேடினான் பாவம். நான் சொல்வேன். சொல்லச் சொல்லப் பொய்க்கு மெருகு ஏறியது. காற்றைச் சேர்த்தேன். கயிற்றின் முனகலைச் சேர்த்தேன். என் முட்டி எவ்வளவு உயர நின்றது என்று சேர்த்தேன். ஹனிபா நானா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், தனக்கான தீர்ப்பை மறுபடி மறுபடி வாசிக்கக் கேட்பதுபோல.

அவர் மெலிந்து வந்தார். வயலில் உழவு இயந்திரத்தில் ஏறமாட்டார் என்று அவரே சொன்னார். பிள்ளைகள் ஓடி வரும்போது மாட்டு வண்டிலையும் நிறுத்திவிட்டு இறங்கி நிற்பாராம். "கண்ணை நம்ப ஏலாது," என்றார். நான் அந்த மனிதனுடைய வேலையை எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய கண்ணை எடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபிக்க முடியவில்லை. சபையில் வாய் ஜெபித்தது. அறைக்குத் திரும்பினால் சுவர். கண்ணை மூடினால், யாரோ எதிரே இருந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு சொல்லும் எடுபடவில்லை. கடைசியில், எழுபதாம் ஆண்டு தை மாதத்தில், ஒரு சின்ன ஜெபம் வந்தது. அழகில்லாத ஜெபம். ஆண்டவரே, எனக்குப் பயம். சொன்னால் வேலை போகும், மறியல் சிறைக்குப் போவேன், இவர்கள் என்மேல் துப்புவார்கள். சொல்லாமலும் இருக்க ஏலவில்லை. என் வாயைத் திறவும்.

மூன்று கிழமை கேட்டேன். வாய் திறக்கவில்லை. மூன்று சனிக்கிழமையும் அதே பொய்யைச் சொன்னேன்.

நாலாம் சனிக்கிழமை ஹனிபா நானா தயிர் முட்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி யோசேப்பு, ஒரு உதவி. கோபிக்காதீங்க. என்ட கண்ணை ஒருக்காச் சோதிக்கணும். வின்ச்சில இருந்து நீங்க நிக்கிற இடத்துக்கு இருபத்தாறு எட்டு. அந்தளவு தூரத்தில நீங்க நிண்டு கையைக் காட்டுங்க. நான் சொல்றன்."

அருளப்புவுக்கு உற்சாகம். தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தான். "சோதினை தொடங்கட்டும். நானா பெயில் எண்டால் வாற கிழமை ரெட்டை முட்டி."

மாலை வெயில். நான் கிணற்றடியில் நின்றேன். அவர் முற்றத்தைக் கடந்து, படலைக்கு வெளியே ஒழுங்கைத் தெருவையும் கடந்து, எட்டு வைத்து எண்ணிப் போய், எதிர் வேலியோரம் திரும்பி நின்றார். வெயில் அவர் முகத்தில் விழும்படி வேண்டுமென்றே நின்றார். நான் கையை நீட்டினேன்.

"இறக்கு," என்றார். "தூக்கு. இறக்கு. நில். தூக்கு. நில். நில். இறக்கு."

அவர் ஒன்றிலும் பிழைவிடவில்லை. இருபது முறை காட்டியிருப்பேன். கண் சிமிட்டும் நேரத்துக்குள் கையை மாற்றினேன், அதையும் பிடித்தார். அருளப்பு கைதட்டினான். ஹனிபா நானா சிரிக்கவில்லை.

"அப்ப கண்ணில பிழை இல்லை," என்றார் தூரத்திலிருந்து. "அண்டைக்கு மட்டும் எப்பிடி? தம்பி, அண்டைக்குக் காட்டின மாதிரியே ஒருக்காக் காட்டுங்க. மூட்டை வாயைத் தாண்டினதில இருந்து. அதே நேரம் எடுத்து. நீங்க கையை மூடுற இடத்தில எனக்கு என்ன நடக்குது எண்டு பாக்கணும்."

நான் உள்ளங்கையைக் கீழே காட்டித் தட்டத் தொடங்கினேன்.

"இறக்கு," என்றார். "இறக்கு. இறக்கு."

மனத்துக்குள் எண்ணினேன். ஏழு மாதமாக நான் சொல்லிவந்த கதையில், இருபதில் கை மூடவேண்டும். இருபது வந்தது. மூடு என்றேன். விரல்கள் மூடவில்லை. சகோதரரே, நான் உண்மை சொல்லத் தீர்மானித்தேன் என்று நினைக்காதேயுங்கள். நான் பொய் சொல்லத்தான் தீர்மானித்தேன். முழு மனத்தோடு மூடச் சொன்னேன். கை கீழ்ப்படியவில்லை. இருபத்திரண்டு. இருபத்தைந்து. அது தட்டிக்கொண்டே இருந்தது, அன்றைக்குத் தட்டியதுபோலவே.

"இறக்கு," என்றார் ஹனிபா நானா. அவர் குரல் மாறியிருந்தது. "இறக்கு. இறக்கு."

அருளப்புவின் சிரிப்பு நின்றது. குசினிக்குள் இருந்து றெஜினா வெளியே வந்தாள். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். என் கை மட்டும் வெறும் முற்றத்தில் எதையோ இறக்கிக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்கும்படி கேட்டேன். என் ஆண்டவர் கையைத் திறந்தபடி வைத்தார்.

ஹனிபா நானா ஒழுங்கையைக் கடந்து வந்தார். எனக்கு முன்னால் நின்றார்.

"மூடேல்லயா?"

"இல்லை நானா. விழுந்த பிறகுதான் மூடினனான்."

"எங்க பாத்துக்கொண்டு நிண்டீங்க?"

"கொட்டியாரப் பக்கம். மழை ஒண்டு நிண்டது."

"மழை," என்றார். அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவர்போல. பிறகு நிலத்தில் இருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்களின்மேல் வைத்து அழுத்தினார்.

"ஏழு மாசம்," என்றார், "நான் என்ட கண்ணோட கதைக்கேல்ல."

எழுந்தார். தூசியைத் தட்டினார். "மற்றதெல்லாம் படைச்சவனுக்குச் சொல்லுங்க. எனக்கு, திங்கக்கிழமை ஒப்பீசுக்கு வந்து சொல்லுங்க. அது போதும்." அருளப்புவைப் பார்த்து, "வாற கிழமையும் வருவன் மகன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

றெஜினா அசையவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை.

"அப்ப ஆசுபத்திரியில," என்று மெதுவாகக் கேட்டாள், "ஒன்பது நாளும் முழங்காலில நிண்டு என்னத்தைக் கேட்டனீங்கள்?"

அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன். கேட்டாள். சொன்னேன்.

அவள் கட்டிலை இழுத்து உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் ஞாயிறு. ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று, நான் சொன்ன சாட்சியைத் திருப்பி எடுத்தேன். ஒருவரும் அழவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். இதைத் தனியாக வந்து சொல்லியிருக்கலாம் என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை ஒப்பீசில் சொன்னேன். பொலிசில் வாக்குமூலம் எழுதினார்கள். வேலை போயிற்று. பொய்ச் சத்தியத்துக்காக மூன்று மாதம் மறியலில் இருந்தேன். ஹனிபா நானாவை வின்ச்சுக்குத் திருப்பி எடுக்க அவர்களுக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது. ஆனால் எடுத்தார்கள்.

மறியலில் எனக்கு மலசலகூடம் கழுவும் வேலை. அங்கே தரிசனம் ஒன்றும் காணவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபிக்கச் சொல் இல்லை. என் சொற்களெல்லாம் களவாடிய சாமான்கள்போல் இருந்தன. எதைத் தொட்டாலும் கை கூசியது. ஒருநாள் மத்தியானம், தும்புத்தடித் துடைப்பத்தோடு குனிந்து நிற்கும்போது, அந்த ஆசுபத்திரி அறை ஞாபகம் வந்தது. ஒன்பது நாளும் அந்த அறையில் இயேசு இருந்திருக்கிறார். நான் கேட்டதை ஒவ்வொன்றாக, கடைசி அழுக்குவரை, கேட்டிருக்கிறார். அருவருத்து எழுந்து போகவில்லை. ஒரு காதால் என்னைக் கேட்டபடியே, மறுபக்கம் அருளப்புவின் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். என் ஜெபத்துக்கு இல்லை என்று சொல்லியபடியே என்னோடு இருந்திருக்கிறார்.

நான் கொலைகாரன் ஆகாமல் காத்தது, என் ஜெபத்தை அவர் மறுத்தது. நான் என்னை வெறுக்கத் தொடங்கமுன்பே அவர் என்னை மன்னிக்கத் தொடங்கியிருந்தார். தும்புத்தடியைப் போட்டுவிட்டு, அந்த நாற்றத்துக்குள் இருந்து அழுதேன். காவல்காரன் வந்து சுகமில்லையோ என்று கேட்டான். சுகம் என்றேன். அந்த ஒரு சொல் உண்மையாக வந்தது.

ஆனால் கடவுள் மன்னித்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அருளப்பு வீட்டைத் தாண்டிப் போக எனக்கு வழி இல்லை. வெளியே வந்த அன்றே போனேன். றெஜினா படலையைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது: "விடு. எனக்கு அவரைப் பாக்கவேணும்."

வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏலாது அண்ணை," என்றான். "வாயால சொல்லிவிடலாம். சொன்னால் பொய். இந்த வீட்டில இதுவரை சொன்ன பொய் காணும்."

நான் திரும்பினேன்.

"நாளைக்கு வாங்கோ. நாளைக்கும் ஏலாமத்தான் இருக்கும். எண்டாலும் வாங்கோ. என்னைக் கிணத்தடிக்குத் தூக்க ஒரு ஆள் வேணும். றெஜினாவுக்குத் தூக்கித் தூக்கி நாரி நோகுது."

அப்படித்தான் தொடங்கியது. அப்போது நான் விறகு கொத்திப் பிழைத்தேன். காலையில் வேலைக்குப் போகமுன் அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டோடு சாய்த்து இருத்துவேன். தண்ணீர் அள்ளி வார்ப்பேன். படுக்கைப் புண்ணைத் துடைப்பேன். அவனுடைய கால்கள் என் கையில் ஈரத் துணிபோல் தொங்கும். ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்பேன். ஒவ்வொரு நாளும் இல்லை என்பான். சில நாள் சாதாரணமாகச் சொன்னான். சில நாள் கெட்ட வார்த்தையால் சொன்னான். ஒருநாள் வாளியால் என் முகத்தில் அடித்தான், உதடு கிழிந்தது. அந்த இரத்தத்தையும் அதே தண்ணீரில் கழுவிவிட்டு அவன் தலையைத் துவட்டினேன். வேறு என்ன செய்ய?

இரண்டு வருஷமும் சில மாதமும் போனது.

எழுபத்திரண்டாம் ஆண்டு கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். கிணற்றடிக்குக் கொண்டுபோகாமல், குசினியில் வெந்நீர் வைத்து, கட்டிலிலேயே துடைத்தேன். அவன் முகம் சுவர்ப் பக்கம்.

"இண்டைக்குக் கேக்கேல்லையோ?" என்றான்.

"காய்ச்சலோடை கிடக்கிறாய். அதாலை விட்டனான்."

"கேளுங்கோ."

கேட்டேன்.

"ஓம்," என்றான்.

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"முதுகைத் துடையுங்கோ அண்ணை," என்றான். "குளிருது."

அவன் இன்னும் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தான். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் என்னோடு சண்டைபிடித்ததெல்லாம் வெந்நீரின் சூட்டுக்காக. அவனை அடக்கம் பண்ணிய அன்று ஹனிபா நானா லோஞ்ச் பிடித்து வந்து ஒழுங்கையில் நின்றார். பெட்டியைத் தூக்கும் நேரம் றெஜினா என் பெயரைச் சொல்லித் தலைமாட்டுக்கு வரச் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் இதுவரை சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமை அவளுக்கு இல்லை. விறகு கொண்டுபோய்ப் போட்டால் வாங்கி வைப்பாள். சில நாள் தேத்தண்ணி தருவாள். சில நாள் தரமாட்டாள்.

பிரியமானவர்களே, நான் இன்று நல்லவன் என்று சொல்ல வரவில்லை. என் கண் இன்னும் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்தச் சாட்சியை எழுதும்போதுகூட, இரண்டு மூன்று இடத்தில் சொல் அழகாக வந்ததற்காக உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அதையும் அவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒன்றை அறிவேன். உங்கள் வாழ்வில் மிகக் கேவலமான ஜெபம் எதுவோ, யாரும் கேட்டுவிடக்கூடாது என்று நீங்கள் மறைப்பது எதுவோ, அதை அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். கேட்டபிறகும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார். அதற்காக அவரை ஸ்தோத்திரிக்கிறேன், சாகும்வரை ஸ்தோத்திரிப்பேன்.

ஆகவே அவரிடம் வாருங்கள். பிறகு, நீங்கள் கெடுத்த மனிதனின் வாசலுக்கும் போங்கள். அங்கே உடனே திறக்காது. என்னையும் அங்கே காண்பீர்கள். எனக்கும் இன்னும் ஒரு வாசல் இருக்கிறது. நாளைக்கு விறகு கொண்டுபோகவேண்டும்.